கறிக் குழம்பு வைத்தவர் கறி தின்றாரா?

"நேற்று உங்க வீட்டில் என்ன குழம்பு?"

திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருக் குழாயடியில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். தண்ணீர் வருகிறதா, இல்லையா என்பது கூட அப்புறம்தான்!

எங்கள் தெரு மதுரையில் இருக்கிறது. ஆனால் குடியிருப்பவர்கள் எல்லோரும் மதுரைக்காரர்கள் அல்ல. நாகர்கோவிலில் இருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள் இருக்கிறார். ஈரோட்டு அக்காள் இருக்கிறார். ஞாயிறு மதியம் இந்தத் தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு வாசனை மாறும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, நான் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். "ஞாயிற்றுக்கிழமை என்ன சமைத்தீர்கள்? சொல்லுங்கள், எழுதிக் கொள்கிறேன்" என்றேன்.

"ஆம்பிளைக்கு இது எதுக்கு?" என்று சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள்.

கரண்டி போடாதே!

முதலில் பேசியவர் நாகர்கோவில் மருமகள். அவர் வீட்டில் மீன் குழம்பு.

"தேங்காய், வற்றல் மிளகாய், மல்லி, மஞ்சள் நாலையும் வெண்ணெய் மாதிரி அரைக்கணும். புளி கரைத்து விடணும். மாங்காய் கிடைத்தால் இரண்டு துண்டு. குழம்பு கொதித்த பிறகுதான் மீன். மீன் விழுந்த பிறகு கரண்டியே போடக் கூடாது! சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றணும். அவ்வளவுதான்."

மண் சட்டியில் வைத்தால் மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் ருசி என்கிறார். அதை அவர் சொல்லும்போதே பக்கத்தில் நின்றவர்கள் எச்சில் விழுங்கினார்கள். நானும்தான்.

ஈரோட்டு அக்காள் பள்ளிபாளையம் கோழி வறுவல் செய்தாராம். மசாலாப் பொடி ஒரு சிட்டிகை கூடக் கிடையாது. வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அது போதும். "வெங்காயம் உரிக்கிற வேலையைச் சனிக்கிழமை ராத்திரியே முடித்து விடணும். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை பூரா அழுகைதான்!" என்றார்.

கடைசி வீட்டுப் பெரியம்மா ஆட்டுக் கறிக் குழம்பில் கை தேர்ந்தவர். வயது 70க்கு மேல். "நெஞ்செலும்பும் தொடைக் கறியும் கலந்து வாங்கு. முதலில் மஞ்சள், இஞ்சி போட்டுக் கறியை வேக விடு. மிளகு, மல்லி, சோம்பு வறுத்து அரைத்தது அப்புறம். தேங்காய் கடைசி. குழம்பின் மேலே நல்லெண்ணெய் மிதந்தால் இறக்கு" என்றார்.

தெருவில் கறி தின்னாத வீடுகளும் உண்டு. அங்கே ஞாயிறு என்றால் வத்தல் குழம்பும் சுட்ட அப்பளமும். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இன்று வேண்டாம்.

சட்டிச் சோறு

ஒரு அம்மாள் மட்டும் பேசாமல் நின்றார். ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர். வீட்டில் ஆறு பேர். அரைக் கிலோ கறி.

"ஆறு பேருக்கு அரைக் கிலோ எப்படிப் போதும்?" என்று கேட்டேன்.

"உருளைக் கிழங்கு நாலு வெட்டிப் போட்டால் போதும். மாமனாருக்கு நல்லி. அவருக்கு ஐந்தாறு துண்டு. பிள்ளைகளுக்கு ஈரல்."

"உங்களுக்கு?"

அவர் சிரித்தார். "நான் சட்டியில் சோறு போட்டுப் பிரட்டித் தின்பேன். அதுதான் ருசி!"

சட்டிச் சோறு ருசிதான். யார் இல்லை என்றது? ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நோட்டை முதல் பக்கத்தில் இருந்து திருப்பினேன். "நீங்கள் எத்தனை துண்டு சாப்பிட்டீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.

என்ன சமைத்தோம் என்று மடமடவென்று சொன்னவர்களுக்கு, என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியவில்லை. மீன் குழம்புக்காரருக்கு வால் துண்டு. கோழிக்காரருக்குக் கழுத்து. ஒருவருக்கு நினைவே இல்லை!

என் வீட்டுக்காரியிடம் இந்தக் கேள்வியை நான் 22 வருஷமாகக் கேட்டதே இல்லை. அதையும் இங்கே எழுதி விடுகிறேன்.

நமக்கு ஞாயிறு விடுமுறை சும்மா வரவில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருஷக் கணக்கில் போராடி, 1890-ம் ஆண்டில் அதை வாங்கிக் கொடுத்தார். மில்லுக்கு விடுமுறை கிடைத்தது. அடுப்புக்குக் கிடைக்கவில்லை. அன்றுதான் அதற்கு இரட்டை வேலை!

சுவரொட்டி யாருக்கு?

பெரியம்மா ஒரு பழைய கதை சொன்னார்.

"எங்க அப்பத்தா காலத்தில் கறி எடுத்தால் சுவரொட்டியைத் தனியாக எடுத்து வைப்பாங்க. உப்பும் மிளகும் தடவித் தணலில் சுடுவாங்க. அது வயசுக்கு வந்த பொண்ணுக்கு. இல்லாட்டிப் பிள்ளை பெத்தவளுக்கு. ஆம்பிளைகள் கேட்டாலும் கொடுக்க மாட்டாங்க. 'ரத்தம் போறவளுக்குத்தான் ரத்தம் ஊறணும்'னு சொல்லுவாங்க."

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். சாதாரணக் கறியைவிட அதில் இரும்புச் சத்து பல மடங்கு அதிகம். அப்பத்தா படிக்காதவர். ஆனால் டாக்டர்கள் சொல்வதும் அதேதான். ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை. பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை. இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ம் ஆண்டில் சொன்ன கணக்கு. மாதா மாதம் ரத்தம் போவதால்தான் இந்த வித்தியாசம்.

தேவை அதிகம் உள்ளவருக்குத் துண்டு குறைவு. விளைவு என்ன? 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், நம் நாட்டில் 100க்கு 57 பேருக்கு ரத்த சோகை. ஆண்களில் 25 பேருக்கு. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் பெண்களில் 100க்கு 53 பேருக்கு!

எல்லாம் சட்டிச் சோற்றால் வந்தது என்று சொல்ல மாட்டேன். குடல் புழுவாலும் வரும். மாத விலக்கில் ரத்தம் அதிகம் போனாலும் வரும். அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் கறிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சீக்கிரம் சேரும். கூடச் சாப்பிடுகிற கீரையில், பருப்பில் உள்ளதையும் அது சேர்த்து இழுத்துக் கொள்ளும். கறி தின்னாதவர்கள் முருங்கைக் கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சம் பழம் பிழிந்து கொண்டால் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் போகட்டும். டீ அந்தச் சத்தைச் சேர விடாது. கர்ப்பிணிகள் ஈரல் தின்னும் முன்பு டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

முதல் கிண்ணம்

இவ்வளவு நேரமும் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டுக் கொண்டிருந்தார், மாடி வீட்டு மதினி. "நான் முதல் கிண்ணம் எடுத்து விடுவேன்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு, மதினி மாடிப் படியில் மயங்கி விழுந்தார். ரத்தத்தைச் சோதித்தார்கள். 12 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். "என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று டாக்டர் கேட்டாராம். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாராம்.

அன்று முதல் குழம்பை இறக்கியதும் ஒரு கிண்ணத்தில் தன் பங்கை எடுத்து மூடி வைத்து விடுகிறார். அப்புறம்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவது.

"மாமியார் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாங்க. இப்போது அவங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுக்கச் சொல்றாங்க!"

குழாயடியே சிரித்தது. ஜவுளிக் கடை அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் விட்டார். நான் அதிகம் பேசி விட்டோமோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார்.

"எழுதிக்குங்க. கறியைக் குறைச்சு, கால் கிலோ ஈரல் சேர்த்து வாங்கினேன். கறிக்கடைக்காரர்கிட்டே சுவரொட்டியும் கேட்டேன். 'முன்கூட்டியே சொல்லி வைக்கணும்'னு சொல்லிட்டார். மிளகு போட்டு ஈரலை வறுத்தேன். முதல் கிண்ணம் எடுத்து வைத்தேன்."

"எத்தனை துண்டு சாப்பிட்டீர்கள்?"

"ஏழு துண்டு வைத்தேன். நாலு தின்னேன். மூணைச் சின்னவன் பார்த்துப் பிடுங்கிட்டான். வர்ற வாரம் கிண்ணத்தைப் பரண்மேல் வைக்கப் போறேன்!"