தாய்மொழி எது என்று கேட்கும்போது

மராட்டிய மண்ணிலேயே தமிழுக்கு ஒரு தங்கை மொழி உண்டு என்றால் மும்பை தாராவித் தமிழர் பலர் நம்பமாட்டார்கள். உண்டு. அதன் பெயர் கைக்காடி. மூங்கிலிலும் வளாரிலும் கூடை முடைந்து, கழுதை முதுகில் சட்டி பானையை ஏற்றி ஊர் ஊராகப் போன மக்களின் பேச்சு அது.

அந்த மக்களை வெள்ளைக்கார ஆட்சி சட்டம் போட்டு ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்தியது. அந்தச் சட்டம் 1952-இல் போனது; ஊரார் பார்வை அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. வாயைத் திறந்தால் இன்னார் என்று தெரிந்துவிடும் என அஞ்சும் வீட்டில், பிள்ளைக்கு எந்த மொழியைச் சொல்லிக்கொடுப்பார்கள்? அந்தச் சமூகத்தில் பிறந்த லட்சுமண் மானே தன் வாழ்க்கையை ‘உபரா’ என்று எழுதி 1981-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். எழுதியது மராத்தியில்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த மொழியை இன்னும் மங்கலாக்குகிறது. 2011-இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 ஆக்கினார்கள். பத்தாயிரம் பேராவது பேசுபவை என்று கடைசியில் பட்டியலில் நின்ற மொழிகள் 121. கைக்காடி அதிலும் தனி மொழி இல்லை. தமிழ் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி. பத்தாயிரத்துக்குக் கீழே போனால் அந்த வரியும் ‘பிற’ என்பதில் கரைந்துவிடும். பட்டியலில் பெயரே இல்லாத மொழிக்குப் பாடநூல் கேட்டு யார் போய் நிற்பது?

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. திருநெல்வேலிப் பேச்சு மாறாத பாட்டி அடுப்படியில் இருப்பார். வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் “இந்திதானே?” என்பார். பேரன் தலையாட்டுவான். அரை நிமிடத்தில் ஒரு வீட்டின் மொழி மாறிவிடும். கேட்பவர் ஊகித்து எழுதக் கூடாது. நாம் சொல்லும் பெயரைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பதுதான் விதி. தெரிந்த மற்ற மொழிகளைச் சொல்லத் தனிக் கேள்வி இருக்கிறது. இந்தியும் மராத்தியும் அங்கே போகட்டும். தனி ஆளின் பதிலை வெளியே காட்டக் கூடாது, வழக்கில் சாட்சியமாகவும் கொள்ளக் கூடாது என்கிறது 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டம். ஆகவே பயம் வேண்டாம்.

அரசியல் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தம் மொழியைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பிரிவு 29 தருகிறது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது 350-ஏ. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளி நடத்துவது அந்த நெறியில்தான். பிள்ளை சேராவிட்டால் வகுப்பை மூடுவார்கள். மூடிய வகுப்பை மறுபடி திறக்கவைப்பது பெரும்பாடு. பள்ளியில் குறை இருந்தால் பெற்றோர் பலராகச் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லையென்றால் மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு எழுதலாம். அந்தப் பதவி 350-பி பிரிவின்படி இதற்காகவே இருப்பது. கைக்காடிக்குப் பள்ளி என்ற பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை. அது அநியாயம்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அரசு அறிவித்திருக்கிறது. தாராவியோ மாட்டுங்காவோ செம்பூரோ, கணக்கெடுப்பவர் வரும்போது பாட்டியை முன்னால் உட்காரவையுங்கள். உங்கள் தெருவில் கைக்காடிக் குடும்பம் இருந்தால், தங்கள் மொழியின் பெயரைத் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள்.