லாட்டரிப் பணத்தில் மீளும் ஓடைகள்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் லாட்டரி ஆடுபவர், தனக்குப் பரிசு விழுந்தாலும் விழாவிட்டாலும், ஏதோ ஓர் ஓடையின் சால்மன் மீனுக்குச் சில காசு கொடுத்துவிடுகிறார். லாட்டரியின் நிகர வருவாயில் 15 சதவீதம் பூங்காக்களுக்கும் நீர்நிலைகளுக்கும் போக வேண்டும் என்று 1998-இல் மாநில மக்கள் வாக்களித்து, அதை அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 2010-இல் மறுபடி வாக்களித்து நிரந்தரமாக்கினார்கள். இதில் பாதி ஆறுகளுக்கும் உயிரினங்களின் வாழிடங்களுக்கும் உரியது. அதன் பெரும்பகுதியை மானியமாகப் பிரித்துக் கொடுப்பது ஒரிகன் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு வாரியம்.

யாருக்குக் கொடுக்கிறது என்பதில்தான் சுவாரசியம். ஒரே ஓடை மேலே மரக் கம்பெனியின் காட்டிலும், கீழே மாட்டுப் பண்ணையிலும், அதற்கும் கீழே ஊருக்குள்ளும் ஓடும். ஒருவர் மட்டும் கரையில் மரம் நட்டால் போதாது. அதனால் இவர்களெல்லாம் சேர்ந்து உட்காரும், மானியம் பெறும் உள்ளூர் நீர்ப்பிடிப்பு மன்றங்கள் மாநிலம் முழுக்க உருவாகியிருக்கின்றன. இவற்றுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. அபராதம் போட முடியாது. பேசிச் சம்மதிக்க வைப்பது ஒன்றே வழி.

மானியம் கேட்பவர்கள் தங்கள் பங்காகவும் ஏதாவது போட வேண்டும். ரொக்கமாகத்தான் என்றில்லை. பண்ணைக்காரர் ஓட்டிய டிராக்டரும் மரக் கம்பெனி தந்த அடிமரங்களும் கணக்கில் சேரும்.

அடிமரம் எதற்கு? மீன் போக வழியில்லை என்று நினைத்து, 1950-களிலிருந்து ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்களை அரசுத் துறைகளே அகற்றின. தடையில்லாமல் பாய்ந்த தண்ணீர் கூழாங்கல்லை அடித்துக்கொண்டு போக, பல இடங்களில் வெறும் பாறைதான் மிஞ்சியது. கோஹோ சால்மன் முட்டையிடுவது அந்தக் கூழாங்கல்லில். குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் தங்குவது மரம் தேக்கும் மடுக்களில். இப்போது அதே ஓடைகளில் பெரிய மரங்களைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள், சாலை இல்லாத இடங்களில் ஹெலிகாப்டர் வைத்து! எடுத்ததும் பொதுப்பணம், திரும்பப் போடுவதும் பொதுப்பணம்.

சூதாட்டத்தை நம்பிய நிதிக்கு ஆட்டமும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் மதுக்கூடங்களும் உணவகங்களும் மூடியபோது, அங்கிருந்த லாட்டரி இயந்திரங்கள் நின்றன, வருவாய் சரிந்தது. சால்மன் படம் போட்ட வண்டி நம்பர் பலகைக்கு வாங்கும் கூடுதல் கட்டணமும், மேற்குக் கரை சால்மனுக்காக 2000-இலிருந்து மத்திய அரசு தரும் நிதியும் வாரியத்தின் மற்ற வரவுகள்.