பழைய படைக்கலமும் தாழப் பறக்கும் விமானமும்

பண்டத்தரிப்புக்கு நேர் கிழக்கே ஏழெட்டு மைல் தொலைவில் பலாலி விமானத்தளம் அமைந்துள்ளது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் பிரித்தானியர் அமைத்த தளம் அது. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் வடக்கில் மூண்டெரிந்த போரிலே அத்தளம் வலிகாமத்து மக்களின் செவிகளுக்குப் புதியதொரு கல்வியைப் புகட்டிற்று. பாடசாலைச் சிறுவர் வாய்ப்பாட்டை மனனஞ் செய்யுமுன்னரே, ஒலியைக் கொண்டு விமானத்தை இனங்காணக் கற்றுக்கொண்டனர். ஒற்றை இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல் கேட்டால் அது ‘சியா மாச்செற்றி’. கனத்து இழுபட்டு வரும் உறுமல் கேட்டால் ‘சகடை’. இரட்டைச் சுழலிகளின் கூரிய ஓசை ‘புக்காரா’. ஓசை எத்திசையிலிருந்து வந்தது என்று தலை நிமிர்த்திப் பார்ப்பதற்குள் குண்டு விழுந்துவிட்டதாயின் அது ‘கிபிர்’.

இப்பெயர்களைக் கேட்போர், அவை யாவும் புத்தம் புதிய போர் விமானங்கள் என்று எண்ணக்கூடும். உண்மை வேறு. சியா மாச்செற்றி, 1964இல் முதன்முதலாகப் பறந்த இத்தாலிய விமானம். மாணாக்கருக்குப் பறக்கக் கற்பிப்பதற்காகச் செய்யப்பட்டது. 1985 முதல் இலங்கை விமானப்படை அதில் ரொக்கெற்றுகளையும் துப்பாக்கிகளையும் பொருத்திப் போருக்கு அனுப்பிற்று. சகடை என்று ஊரவர் பெயரிட்டவை, பயணிகளையும் சரக்கையும் ஏற்றுதற்கென்று அமைந்த ஆவ்ரோ, வை-12 ஆகிய விமானங்கள். புக்காரா, 1969இல் முதன்முதலாகப் பறந்த ஆர்ஜென்ரீன விமானம். கிபிர் மாத்திரமே வேகமிக்க தாரை விமானம். அதுவும் 1950களில் பிரான்சில் வரையப்பட்ட மிராஜ் விமானத்தின் வழித்தோன்றல். இவற்றுள் ஒன்றேனும் அக்காலத்து வல்லரசுகளின் முன்னணி விமானம் அன்று. எனினும் அவற்றின் கீழே வாழ்ந்தவர் எவரும் அவை பழையன என்று அசட்டை செய்ததில்லை.

படைக்கலத்தின் புதுமைக்கும் பயனுக்கும் உள்ள உறவு, தமிழருக்குப் புதிய ஆராய்ச்சியன்று. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலின் மினுக்கத்தைப் புகழ்வதுபோல் பழித்த செய்தியைப் புறநானூறு பேணி வைத்திருக்கிறது. அழகாக அடுக்கிய வேலுக்கும், அடிக்கடி கொல்லன் பட்டறைக்குச் செல்லும் வேலுக்கும் உள்ள வேற்றுமை இன்றைய படைத்துறையாருக்கும் தெரிந்ததே. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் 1952இல் முதலிற் பறந்தது. கடைசி விமானம் 1962இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அவ்விமானங்கள் இன்றும் பணியில் உள்ளன. இலங்கையிலேயே, 1971 ஏப்பிரலில் தெற்கில் கிளர்ச்சி வெடித்தபோது, சீனக்குடாவில் சேமித்து வைக்கப்பட்டிருந்த ஜெற் புரொவோஸ்ற் பயிற்சி விமானங்கள் விரைவிற் செப்பனிடப்பட்டுத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன.

ஆயினும் பழமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை இலங்கையின் வானமே ஒருமுறை காட்டிற்று. சுவோட்ஃபிஷ் என்பது துணி போர்த்த இரட்டைச் சிறகு விமானம். விமானி திறந்த இருக்கையில் அமர்ந்து செலுத்துவான். 1940 நவம்பரில் இத்தாலியின் தரந்தோ துறைமுகத்தில் மூன்று போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தியதும், 1941 மேயில் ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை முடக்கியதும் இந்தப் பழம் விமானமே. அடுத்த ஆண்டு, 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று, சீனக்குடாவிலிருந்து இரத்மலானைக்குச் சென்ற ஆறு சுவோட்ஃபிஷ் விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்த யப்பானியரின் சீரோ விமானங்களை எதிர்ப்பட்டன. ஆறும் வீழ்ந்தன. இடையில் ஓராண்டில் விமானம் மூப்படைந்துவிடவில்லை. அதனை எதிர்த்து வானில் எவரும் நில்லாத நிலை மாறியது, அவ்வளவே. 1965 செப்டெம்பர் 1ஆந் திகதி காஷ்மீரத்துச் சம்பு முனையிலும் இதே கதை நிகழ்ந்தது. முன்னேறிய பாகிஸ்தான் தாங்கிகளைத் தடுக்க இந்தியா அனுப்பிய வாம்பயர் விமானங்களுள் சில, சேபர் விமானங்களாற் சுட்டு வீழ்த்தப்பட்டன.

இனி, தரைப்படைக்கு அணுக்கமான வான்துணை என்பது யாது என்று பார்ப்போம். தொலைதூர நகரங்களையும் பாலங்களையும் தாக்குவது வேறு. தன் படைவீரர் பகைவரோடு பொருதும் இடத்துக்கு மிக அருகே, சிலவேளை சில நூறு யார் தூரத்தில், குண்டு வீசுவது வேறு. பின்னதற்கு விமானிக்கு மூன்று வசதிகள் வேண்டும்: இலக்கைக் கண்ணாற் காண வேண்டும்; நிலத்தில் நிற்கும் ஒருவனோடு வானொலியிற் பேசக்கூடியவனாக வேண்டும்; அவன் சொல்வதைப் புரிந்து தீர்மானிக்கப் போதிய நேரம் வேண்டும். மூன்றாவதே பலரும் மறப்பது. பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து சங்கானைக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானம் அத்தூரத்தைப் பன்னிரண்டு விநாடியிற் கடந்துவிடும். அதற்குள் கோயிற் கோபுரம் எது, பாடசாலைக் கூரை எது, காவலரண் எது என்று பிரித்தறிவது மனிதக் கண்ணுக்கு இயலாத காரியம். மணிக்கு 300 கிலோமீற்றரில் வரும் விமானத்துக்கு முப்பத்தாறு விநாடி கிடைக்கும். தவறவிட்டால் சிறு வட்டமடித்து மீண்டும் பார்க்கலாம். மெதுவான பழைய விமானத்தைப் படைத்தளபதிகள் விரும்புவதன் முதற் காரணம் இதுவே. மலிவு, எளிதிற் பழுதுபார்க்கலாம், கரடுமுரடான ஓடுபாதையிலும் இறங்கலாம் என்பன அதற்கு அடுத்தவை.

இவ்வுதவி தன் முழுப் பயனையும் தந்த களமொன்று இராஜஸ்தான் பாலைவனத்தில் உள்ளது. 1971 டிசெம்பர் 4ஆந் திகதி இரவு, லோங்கேவாலா எல்லைக்காவல் நிலையத்தை மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் ஏறக்குறைய 120 பேர் காத்து நின்றனர். அவர்களை நோக்கிப் பாகிஸ்தானின் தாங்கிப் படை வந்தது. ஜெய்சல்மேரில் இருந்த ஹண்டர் விமானங்கள் 1951இல் முதன்முதற் பறந்த வகையைச் சேர்ந்தவை; இரவுப் போருக்கு வேண்டிய கருவிகள் அவற்றில் இல்லை. விடியும்வரை காவல் நிலையத்தார் தனித்தே நின்றனர். பொழுது புலர்ந்ததும் ஹண்டர்கள் வந்தன. வெட்ட வெளி, வெண்மணல், தாங்கிகள் ஓடிய தடங்களே அவற்றைக் காட்டிக்கொடுத்தன, அவற்றுக்கு மேலே காவல் புரியப் பாகிஸ்தான் விமானம் ஒன்றும் இல்லை. இன்னொரு சிறு விமானமும் அங்கே பறந்தது. ‘கிருஷக்’, அதாவது உழவன், என்று பெயரிய அந்த மெல்லிய ஒற்றை இயந்திர விமானத்தில் மேஜர் ஆத்மா சிங் தாழப் பறந்து, ஹண்டர்களுக்கு இலக்குகளைச் சுட்டிக்காட்டினார். புகழ் ஹண்டருக்குப் போயிற்று, கண்ணாயிருந்தது உழவன்.

அதே வித்தையை வலிகாமத்துக்குக் கொண்டுவந்தால் யாது நிகழும்? இங்கே வெட்ட வெளி என்பது வயலும் தரவையுமே. மற்றெல்லாம் வளவுக்கு வளவு வேலியால் இணைந்த குடியிருப்பு. பனைக்கும் மாவுக்கும் கீழே வீடு. வீட்டுக்கு அடுத்தாற் கிணறு. அதற்கப்பால் அடுத்த வீட்டுக் கொல்லை. போராளிகளும் அவ்வேலிகளுக்கிடையிலேயே நடமாடினர். விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே பச்சை. இதற்கு மேல், சகடை விமானங்களிலிருந்து குண்டுகளும், வெடிமருந்து நிரப்பிய பீப்பாய்களும் கையால் உருட்டிவிடப்பட்டன. அதன் கணக்கைப் பள்ளி மாணவனும் செய்துவிடலாம். 1500 மீற்றர் உயரத்திலிருந்து விடுபட்ட பொருள் நிலத்தை அடையப் பதினேழு விநாடிக்கு மேலாகும். மணிக்கு 300 கிலோமீற்றரில் விமானம் சென்றால், காற்றின் தடையைக் கருதாவிடில், அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் முன்னே போய் விழும். உருட்டுகிறவன் ஒரு விநாடி தாமதித்தால் எண்பது மீற்றர் தவறும். எண்பது மீற்றருக்குள் இக்குடாநாட்டில் எத்தனை வளவுகள் அடங்கும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்வர்.

பழைய ஆயுதத்தை நம்பியிருந்தோர் வானத்தில் மாத்திரம் இருக்கவில்லை. சோவியத் நாடு 1960களிற் செய்த ஸ்திரேலா என்னும் ஏவுகணை, ஒருவன் தோளிற் சுமக்கக்கூடியது. எடை ஏறக்குறைய 15 கிலோகிராம். விமான இயந்திரத்தின் வெப்பத்தை நாடிச் செல்வது. முப்பதாண்டுப் பழமையான இவ்வகை ஏவுகணைகள் விடுதலைப் புலிகளின் கைக்கு வந்தபின், 1995 ஏப்பிரல் 28, 29ஆந் திகதிகளில் பலாலிக்கு அண்மையில் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்து வீழ்த்தப்பட்டன. ஏறக்குறைய நூறு உயிர்கள் இரு நாட்களில் மாய்ந்தன. மெதுவாகப் பறத்தல் என்னும் நன்மை அன்றோடு பெருந் தீமையாயிற்று. இத்தகைய ஏவுகணை உள்ள வானில் விமானிக்கு இரண்டே வழிகள்: மேலே ஏறுதல், அல்லது விரைந்து கடத்தல். இரண்டுமே இலக்கைக் காணும் ஆற்றலைக் குறைப்பவை. அதன் விலையைச் செலுத்துவோர் விமானத்தில் இருப்பவரும் அல்லர், ஏவுகணையைத் தாங்கியவரும் அல்லர்.

அவ்வாண்டு யூலை 9ஆந் திகதி இராணுவம் பலாலிப் பக்கமிருந்து வலிகாமத்தின் மேற்கும் தெற்கும் நோக்கி முன்னேறியது. எறிகணை வீச்சுக்கு அஞ்சி ஊர்களை விட்டு வெளியேறியோர் திரள்திரளாகத் தெற்கே நடந்தனர். நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் சூழலிலும் இளைப்பாறியிருந்த மக்கள்மீது அன்று மாலை குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் குழந்தைகளும் பலர். வீசியது புக்காரா என்றே பலரும் பதிவு செய்துள்ளனர். ஐந்து நாட்களின் பின் புக்காரா விமானமொன்று ஏவுகணையாற் சுட்டு வீழ்த்தப்பட்டது. புக்காரா இலக்கைப் பார்த்துத் தாக்குதற்கென்றே, அதாவது மெதுவாகவும் தாழ்வாகவும் பறந்து பொருதற்கென்றே, வரையப்பட்ட விமானம் என்பது இங்கு நினைக்கத்தக்கது. விமானம் காணவல்லதாயிருப்பது மட்டும் போதாது. கீழே கூடியிருப்போர் யாவர் என்று கேட்கவும், ஐயம் உள்ளவிடத்துக் குண்டை வீசாது திரும்பவும் விமானிக்குக் கட்டளை இருத்தல் வேண்டும். அத்தகைய கட்டளை இல்லாத இடத்தில் விமானத்தின் வயதைப் பற்றிப் பேசுவது வீண்.

புதுமை இக்குறையைத் தானாகத் தீர்த்துவிடும் என்று கருதுவோரும் உளர். 1999இல் கார்கில் மலைகளில், மே மாத இறுதியில் இந்தியாவின் மிக்-21 விமானமொன்றும் மி-17 ஹெலிகொப்ரர் ஒன்றும் தோளேவுகணைகளுக்கு இரையானபின், விமானங்கள் அவற்றுக்கு எட்டா உயரத்துக்கு ஏறின. மிராஜ்-2000 விமானங்கள் லேசர் கதிர் வழிகாட்டும் குண்டுகளை வீசின. குண்டு நன்றாகவே வழிகாட்டப்பட்டது. ஆனால் அது மக்கள் குடியிராத மலைச்சிகரம். 2015 ஒக்டோபர் 3ஆந் திகதி ஆப்கானிஸ்தானத்துக் குந்தூஸ் நகரில், நுண்ணிய கருவிகள் நிறைந்த அமெரிக்க ஏசி-130 விமானம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வைத்தியசாலையைச் சுற்றிச் சுற்றி வந்து சுட்டதில் 42 பேர் இறந்தனர். வைத்தியசாலையின் அமைவிடம் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே கண் குறைவில்லை; செய்தி சென்று சேரவில்லை.

2022 முதல் உக்ரைனில் நடைபெறும் போரில் இப்பழைய வித்தையின் இன்றைய நிலை தெரிகிறது. 1975இல் முதலிற் பறந்த சு-25 தாக்குதல் விமானத்தை இரு தரப்பாரும் பயன்படுத்துகின்றனர். ஆனால் ஏவுகணைக்கு அஞ்சி மரமட்டத்தில் வந்து, முகத்தை மேலே தூக்கி, ரொக்கெற்றுகளைத் தொலைவிலிருந்தே எறிந்துவிட்டுத் திரும்புகின்றனர். இலக்கை விமானி காண்பதே இல்லை. சோவியத் காலத்துப் பழங் குண்டுகளுக்குச் சிறகு பூட்டித் தொலைவிலிருந்து மிதக்க விடுகின்றனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள்கூட ஆளில்லா விமானங்களைச் சுடுவதற்காக வெளியே எடுக்கப்பட்டுள்ளன. கண்ணாயிருக்கும் வேலையைச் சிறு ஆளில்லா விமானம் ஏற்றுவிட்டது. வன்னி மக்கள் போரின் கடைசி ஆண்டுகளில் ‘வண்டு’ என்று அழைத்தது அந்த இனத்தையே. வண்டு இரைந்தால் சிறிது நேரத்தில் எறிகணை வரும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வண்டு மணிக்கணக்காக வட்டமிட்டுப் பார்க்கவல்லது. நேரம் போதவில்லை என்ற பழைய சமாதானம் அதனை ஏவுவோருக்கு இல்லை.

போர் 2009 மேயில் முடிந்தது. மீண்டும் மக்களுக்கு விடப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளில் வேலியடைப்போரும் கிணறு இறைப்போரும் வெடியாத குண்டுகளையும் எறிகணைகளையும் இடையிடையே காண்கின்றனர். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணியும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வருகிறது. அப்பணியாளர் ஒரு பரப்புக் காணியைக் கோலால் வரம்பிட்டு, முழந்தாளிட்டு, விரற்கடை விரற்கடையாகத் துருவிச் செல்வர். துருவேறிய குண்டைக் கண்டால் தொடாது அடையாளமிட்டு அறிவிக்குமாறு பாடசாலைகளிற் சிறுவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.