ஆழ்கடலில் ஒண்டுக்குடித்தனம்

1965-இல் நிறைவுற்ற அனைத்துலக இந்துமாக்கடல் ஆய்வின்போது பல நாட்டுக் கப்பல்கள் வலைவீசிச் சேகரித்த மிதவை உயிரிகள், கொச்சியில் அமைந்த இந்துமாக்கடல் உயிரியல் மையத்தில் வகைவாரியாகப் பிரிக்கப்பட்டன. அரும்பணிதான், எனினும் வலையின் இழுப்பில் இழுதுடல் உயிரிகள் சிதைந்துவிடும், அவற்றைப் பற்றியிருந்த சிற்றுயிர்கள் உதிர்ந்துவிடும். எது எதனுடன் வாழ்ந்தது என்பதைக் குப்பி கூறாது.

நடுக்கடலில் ஒண்டுவதற்குப் பாறையோ தரையோ இல்லை. எனவே, இறாலுக்கு உறவான ஹைப்பீரிட் என்னும் சிறு ஓட்டுடலிகளுள் பெரும்பாலானவை, மீனவர் 'சொறி' என்றழைக்கும் இழுதுமீன்களையும் சால்ப் போன்ற ஒளிபுகும் உயிரிகளையும் சார்ந்துள்ளன. ஃப்ரோனிமா என்னும் இனத்தின் பெண், சால்ப்பின் உள்ளுறுப்புகளைத் தின்று, எஞ்சிய கூட்டைப் பீப்பாய்போல் ஆக்கி, அதற்குள்ளேயே குஞ்சுகளை வளர்க்கிறது. கூட்டையும் தானே உந்திச் செல்கிறது. இதைக் கூட்டுவாழ்க்கை என்பது சற்றுத் தாராளமான கணக்கு. ஆதாயம் முழுவதும் ஒரு தரப்புக்கே. பல இணைகள் உறுதியானது, ஆய்வாளர்கள் நீரில் மூழ்கி நேரில் கண்டு 1977-இல் வெளியிட்ட பின்னரே.

இக்கேள்வி இந்தியாவுக்குப் புறம்பானதன்று. மத்திய இந்துமாக்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் பல்லுலோக முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அவற்றை அகழ்ந்தால், கப்பலிலிருந்து திருப்பி விடப்படும் வண்டல்நீர் நடுக்கடல் அடுக்குகளில் பரவக்கூடும். நீரை வடிகட்டி உண்ணும் சால்ப்புக்கு அது இடையூறு. சால்ப் குறைந்தால் ஃப்ரோனிமாவுக்கு வீடில்லை. வலைக்கணக்கை மட்டும் நம்பும் சூழல் மதிப்பீட்டில் இவ்விழப்பு பதிவாகாது. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்தில் பல்லுயிர் ஆய்வும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியும் இடம்பெற்றுள்ளன. அந்த நீர்மூழ்கி அடித்தரைக்கு இறங்கும் வழியில், நடுநீரிலும் சற்று நின்று படமெடுக்க வேண்டும்.