சிகரெட்டுப் பெட்டிக்குள் அரசியல்

மெல்லிய காகிதப் பெட்டியிலுள்ள சிகரெட்டுகள் நசுங்காதிருப்பதற்கென வைக்கப்பட்ட அட்டைத்துண்டு ஒன்று, காலப்போக்கில் மக்களுக்கு அரசியல் புகட்டும் கருவியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் அவ்வட்டையிலே படம் அச்சிடத் தொடங்கின. இங்கிலாந்துக் கம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றின. முன்புறத்திலே படம், பின்புறத்திலே சில வரி விளக்கம். தந்தை புகைத்தார், மைந்தன் அட்டை சேர்த்தான்.

நாட்டின் அரசியற் காற்று எத்திசையில் வீசியதோ, அட்டைகளும் அத்திசையிற் சாய்ந்தன. நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூப் போரின் நூற்றாண்டு 1915இல் வந்தது. வில்ஸ் கம்பனி 50 அட்டைகள் கொண்ட தொடரொன்றை ஆயத்தம் செய்தது. ஆயின், முதலாம் உலகப் போரில் பிரான்சு பிரித்தானியாவின் நேசநாடு. நண்பனின் பழந்தோல்வியைக் கொண்டாடலாகாது என்பதனால் அத்தொடர் வெளிவரவில்லை. எட்டாம் எட்வேட் மன்னரைப் பற்றி அக்கம்பனி ஆயத்தம் செய்த தொடருக்கும் அதே கதி நேர்ந்தது. 1936 டிசம்பரில் மன்னர் முடி துறந்தார்; அட்டைகளும் மறைந்தன.

1938இல், போர் நெருங்கிய வேளையில், வில்ஸ் கம்பனி விமானத் தாக்குதல் முன்னேற்பாடுகள் பற்றி 50 அட்டைகளை வெளியிட்டது. இதற்கு உள்நாட்டு அமைச்சின் ஒத்துழைப்பும் இருந்தது. நச்சுவாயு புகாதவாறு அறையை அடைப்பதெவ்வாறு, தீக்குண்டை அகற்றுவதெவ்வாறு என அவை கற்பித்தன.

ஜேர்மனியிலோ இவ்வழக்கம் வேறு வேலைக்குப் பயன்பட்டது. 1936இல் ஒரு சிகரெட்டுப்பட நிறுவனம் ஹிட்லரின் வாழ்க்கையைப் படத்தொகுதியாக வெளியிட்டது. முன்னுரை கொபெல்ஸினுடையது, படத்தெரிவு ஹிட்லரின் புகைப்படக்காரர் ஹொவ்மனுடையது. சிகரெட்டுப் பெட்டியிற் கிடைத்த சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்துப் படங்களைப் பெறவேண்டும். பின்னர் அவற்றைத் தொகுதியின் வெற்றிடங்களில் ஒட்டவேண்டும். குழந்தைகளோடு முறுவலிக்கும் தலைவரை ஆங்கே காணலாம். 1933இலேயே திறக்கப்பட்ட டாக்கௌ தடுப்புமுகாமின் கொடுமையை அப்புன்முறுவல் மறைத்தது.

பிரித்தானிய அட்டை சொன்னதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஜேர்மனியப் படமோ, பார்த்தவரிடம் பக்தியையே வேண்டிற்று. மேலும், படத்தைத் தன் கையால் ஒட்டிய சிறுவன், தானே அப்பிரசார நூலை நிறைவு செய்தான். தன் உழைப்பிலே உருவானதைச் சந்தேகிப்பது எவர்க்கும் அரிது.

1940இல் காகிதத் தட்டுப்பாட்டினால் பிரித்தானியாவில் இவ்வட்டைகள் நின்றுபோயின. இன்று அவை சேகரிப்போரின் செல்வம். எனினும், அவை விட்டுச்சென்ற பாடம் பழையதாகவில்லை. இனாமாக வரும் படத்திற்கும் விலை உண்டு. அது எதைக் காட்டுகிறது என்பதோடு, எதைக் காட்டாது விடுகிறது என்றும் கேட்பவரே அவ்விலையை அறிவர்.