மூன்று ஊர்ப் பயணத்தில் ஒரு புரோமோ கோடு

சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், நாலு நாள் கழித்து பஸ்ஸில் கோலாலம்பூர் சேர்ந்து, அங்கிருந்தே ஊர் திரும்புவது நம் குடும்பங்களுக்குப் பழகிய சுற்றுலா. டிக்கெட் போடும்போது விமான நிறுவனம் அனுப்பிய பத்து சதவீதத் தள்ளுபடிக் கோடு நினைவுக்கு வரும். சாதாரணமாகப் போய்த் திரும்பும் டிக்கெட்டில் சமர்த்தாக வேலை செய்யும் அந்தக் கோடு, இங்கே 'செல்லாது' என்று சொல்லிவிடும். சில நேரம் ஏற்றுக்கொண்டு, கோடு போடாத விலையைவிடக் கூடுதலாகவே காட்டும். விமானக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் இரண்டுமே புரிந்துவிடும்.

டிக்கெட் விலைக்குள் மூன்று பங்கு இருக்கிறது. அடிப்படைக் கட்டணம் ஒன்று. எரிபொருளின் பெயரைச் சொல்லி விமான நிறுவனம் சேர்க்கும் கூடுதல் கட்டணம் இன்னொன்று. மூன்றாவது, அரசு வரியும் விமான நிலையக் கட்டணங்களும். தள்ளுபடிக் கோடு பெரும்பாலும் முதல் பங்கை மட்டும்தான் தொடும். ஒரு பேச்சுக்கு 30,000 ரூபாய் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 14,000 என்றால், பத்து சதவீதம் என்பது 1,400 ரூபாய், 3,000 அல்ல. விளம்பரத்தில் 'அடிப்படைக் கட்டணத்தில்' என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கும். விமானம் ரத்தானதற்கோ தாமதத்துக்கோ நிறுவனம் கொடுக்கும் வவுச்சர் வேறு வகை. அது பணம் மாதிரி, பெரும்பாலும் மொத்த விலையிலிருந்தே கழியும். இரண்டும் கையில் இருந்தால், சிக்கலான பயணத்துக்கு வவுச்சரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று ஊர்க் கணக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போவதாக வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது சிங்கப்பூரில் விமானம் மாறித்தான் சென்னை வர முடியும். நமக்கு இது ஒரே டிக்கெட். கட்டணக் கணக்கில் இது இரண்டு பாதி: போகும்போது சென்னை–சிங்கப்பூர் கட்டணத்தில் பாதி, வரும்போது சென்னை–கோலாலம்பூர் கட்டணத்தில் பாதி. இந்த மாதிரி டிக்கெட்டை டிராவல்ஸ்காரர்கள் 'ஓபன் ஜா' என்பார்கள். ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி விதிகள் உண்டு. இரண்டையும் சேர்க்கும்போது, இருப்பதில் கடுமையான விதிதான் பெரும்பாலும் முழு டிக்கெட்டுக்கும் வந்து சேரும். கோடு 'சென்னை–சிங்கப்பூர், போய்த் திரும்ப' என்று எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் பாதி அதற்குள் அடங்காது. ஒரு பாதி தவறினால் முழு டிக்கெட்டுக்கும் தள்ளுபடி கிடையாது. பல நிறுவனங்களின் இணையதளத்தில் 'மல்டி சிட்டி' பக்கத்தில் கோடு போடும் கட்டமே இருக்காது. அங்கே உங்கள் தவறு ஒன்றுமில்லை.

விலை கூடுவது இன்னொரு கதை. எகானமி என்று நாம் சொல்லும் ஒரே வகுப்புக்குள் பத்துக்கும் மேற்பட்ட கட்டண வகுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அதில் ஆகக் குறைந்த விலை வகுப்புகளுக்குக் கோடு பொருந்தாது என்று நிறுவனம் விதி வைத்திருக்கலாம். அப்போது கணினி உங்களை மேல் வகுப்புக்கு ஏற்றி, அங்கே பத்து சதவீதம் கழிக்கும். அதனால் கோடு இல்லாமல் ஒருமுறை, கோடு போட்டு ஒருமுறை கடைசிப் பக்கம்வரை போய் மொத்த விலையைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதைத்தான் சொல்வேன்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். நாலு பேருக்குத் தேடும்போது குறைந்த வகுப்பில் இரண்டு சீட்தான் மிச்சம் என்றால், கணினி பொதுவாக நாலு பேரையும் அடுத்த வகுப்பின் விலைக்குக் கொண்டுபோய்விடும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டிரண்டு பேராகப் போடலாம், கோடு ஒருமுறைக்கு மேல் செல்லுமானால். குழந்தைகள் பெரியவர்களோடு ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கோடுஷேர் விமானமும் கவனிக்க வேண்டியது. ஏர் இந்தியா எண் போட்ட டிக்கெட்டில் ஏறிப் பார்த்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானமாக இருக்கலாம்; இரண்டுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் உண்டு. தன் விமானத்துக்கு மட்டும் என்று நிறுவனம் தந்த கோடு அந்தப் பகுதி வந்ததும் நின்றுவிடும். விமான எண்ணுக்குக் கீழே சின்னதாக, யார் இயக்குகிறார்கள் என்று போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். தேதியும் இரண்டு வகை: எந்தத் தேதிக்குள் டிக்கெட் வாங்க வேண்டும் என்பது ஒன்று, எந்தத் தேதிக்குள் பயணம் செய்ய வேண்டும் என்பது வேறு. பல ஊர்ப் பயணத்தில் கடைசி விமானம் இரண்டாவது தேதியைத் தாண்டி நின்றால் போதும், கோடு செல்லாது.

சரி, பயணத்தையே உடைத்து இரண்டு டிக்கெட்டாகப் போட்டு, கோடு செல்லும் பகுதிக்கு மட்டும் போட்டால்? செய்யலாம், உடைக்கும் இடத்தில் இரண்டொரு ராத்திரி தங்குவதாக இருந்தால். அதே நாளில் விமானம் மாற வேண்டிய இடத்தில் உடைக்காதீர்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட்டில் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியும் கடைசி ஊர்வரை போகாமல் போகலாம். அதை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூரில் அதற்குப் பொதுவாகச் செல்லுபடியாகும் விசா வேண்டும். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு இந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கட்சி.

இன்னொரு குறுக்கு வழியும் காதில் விழும்: கோடு செல்லும் போய்த் திரும்பும் டிக்கெட்டை வாங்கி, வேண்டாத விமானத்தில் ஏறாமல் விட்டுவிடுவது. முதல் விமானத்தை விட்டால் மிச்சம் எல்லாவற்றையும் நிறுவனம் ரத்து செய்துவிடும். கடைசி விமானத்தை மட்டும் விடுவதையும் நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் தடுத்து வைத்திருக்கின்றன.

தேதி மாற்ற நேர்ந்தால் அன்றைய விலையில் புதிதாகக் கணக்குப் போடுவார்கள். பழைய தள்ளுபடி பெரும்பாலும் போய்விடும். முழுதாக ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம் திரும்பாது என்று சலுகை டிக்கெட்டில் எழுதியிருக்கும். ஆனால் இந்திய விமான நிறுவனங்கள் அரசு வரியையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இந்த விதி, சலுகை விலை டிக்கெட்டுக்கும் விமானத்துக்கே வராத பயணிக்கும்கூடப் பொருந்தும். கேட்டு வாங்குங்கள்.