அழகக்கோனார் குடியின் எழுச்சியும் வீழ்ச்சியும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தை அடுத்து அமைந்துள்ள கரைத்தீவு, இலங்கை வரலாற்று நூல்களிற் பெரிதும் பேசப்படாத இடமாகும். முன்னர் காரைதீவு என வழங்கிய இன்றைய காரைநகருடனும், கிழக்கிலங்கையின் காரைதீவுடனும் இதனை மயங்கிக்கொள்வோர் பலர். ஆயின், பதினான்காம் நூற்றாண்டின் அரசியலை விளங்கிக்கொள்வதற்கு இதனைவிடப் பொருத்தமான நோக்கிடம் வேறில்லை எனலாம். இக்கரையின் வடக்கே குதிரைமலை முனையும் அதற்கப்பால் முத்துக்குளிக்கும் கடலும் உள்ளன. தெற்கே புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை, கொழும்பு என்னும் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. வடக்கின் முத்தும் தெற்கின் கறுவாவும் இக்கடல்வழியாலேயே இணைக்கப்பட்டன. இவ்வழியை யார் ஆள்வது என்ற போட்டியில் எழுந்து, அதே வழியால் வந்த மற்றொரு பெரும் வலிமையின் முன் வீழ்ந்த ஒரு பிரபுக் குடியின் வரலாற்றையே நாம் இங்கு நோக்குகின்றோம். அக்குடி அழகக்கோனார் குடியாகும்.

அழகக்கோனாரைப் பற்றிப் பாடநூல்களில் நாம் படித்தது சுருக்கமானது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் வரிசேகரிப்போரைத் துரத்திச் சிங்கள நாட்டைக் காத்த வீரர் அவர் என்பதே அது. இவ்வாறு கூறுமிடத்துத் தமிழர் ஒருபுறமும் சிங்களவர் மறுபுறமும் நின்று பொருதனர் என்ற சித்திரம் மாணவர் மனத்திற் பதிந்துவிடுகின்றது. ஆனால் சான்றுகளை நேரே நோக்குமிடத்து அச்சித்திரம் நிலைபெறுவதில்லை.

முதலிற் பெயரைக் கருதுவோம். அழகக்கோனார் என்பது வெளிப்படையான தமிழ்ப் பெயர். இக்குடியினர் வஞ்சியிலிருந்து வந்தோர் என்பதை, நான்காம் புவனேகபாகுவின் மூன்றாம் ஆட்சியாண்டான 1344இல் களனியிற் பொறிக்கப்பட்ட கித்சிரிமெவன் கல்வெட்டு கூறுகின்றது. வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்பது தமிழ் அறிஞர் நெடுங்காலம் வாதிட்ட பொருள். அவ்வாதத்துள் நாம் இங்கு நுழைய வேண்டியதில்லை. எவ்வாறாயினும், இவர்கள் சேர நாட்டுத் தொடர்புடைய ஒரு வணிகக் குடியினர் என்பதே ஆய்வாளர் பலரது முடிபாகும். இப்பெயர் சிங்கள, பாளி நூல்களில் 'அளகேஸ்வர' என வடமொழி வடிவம் பெற்றது. அளகை என்பது குபேரனின் நகரம். ஆகவே அளகேஸ்வரன் என்றால் செல்வத்துக்கு அதிபதியான குபேரன் என்று பொருள்படும். ஒலி ஒற்றுமை கருதியே இவ்வடிவம் தெரியப்பட்டிருக்கலாம். ஆயினும் வணிகத்தாற் செல்வம் திரட்டிய ஒரு குடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைப் புலவர் எவரும் கண்டிருக்க முடியாது.

இக்குடியினர் வணிகராக வந்து பிரபுக்களாக உயர்ந்ததற்கு இடமளித்த பொருளியற் சூழ்நிலை யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் இராசரட்டையின் குளங்களும் கால்வாய்களும் பேணுவாரற்றுச் சிதைந்தன. நெல்லுபரியை நிலைக்களனாகக் கொண்ட பழைய அரசு அதனோடு சரிந்தது. சிங்கள அரசரின் தலைநகர்கள் தம்பதெனியா, யாப்பகுவை, குருநாகல், கம்பளை எனத் தென்மேற்காக நகர்ந்தன. நிலவருவாய் சுருங்கியபோது துறைமுக வருவாயின் பங்கு பெருகிற்று. மழைவளம் மிக்க தென்மேற்குக் கரையில் விளைந்த கறுவாவுக்கு மேற்காசியச் சந்தைகளிற் பெருந்தேவை இருந்தது. மலையில் இருந்த மன்னனிடம் முடி இருந்தது. கரையில் இருந்தோரிடம் பணம் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் ஏற்பட்ட இடைவெளியிலேதான் அழகக்கோனார் குடி வேரூன்றியது.

இதே இடைவெளியை வடக்கிலிருந்து பயன்படுத்திக்கொண்டவர் ஆரியச்சக்கரவர்த்தி. களனிக் கல்வெட்டு பொறிக்கப்பட்ட அதே 1344ஆம் ஆண்டில், மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுன் பதூதா புத்தளத்திற் கரையிறங்கினார். மரத்தாலான மதிலும் மரக் காவற்கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறுநகர் என அதனை அவர் வருணிக்கின்றார். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்துகிடந்தன என்றும், எதிர்க்கரையாகிய மாபர் நாட்டார் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர் என்றும், அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாக அளித்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். அங்கே அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர். முத்துக்குவியலை முன்வைத்து, இத்தகைய முத்தை நீர் வந்த நாடுகளிற் கண்டதுண்டோ என வினவியவர். அவருக்குரிய சிறிதும் பெரிதுமான நூறு கலங்களைத் தாம் மாபர்க் கரையிற் கண்டதாகவும் இபுன் பதூதா கூறுகின்றார். நிலத்தை ஆளும் மன்னனைவிடக் கடலை நோக்கியிருக்கும் ஓர் ஆட்சியாளனின் தோற்றமே இங்கு நமக்குக் கிடைக்கின்றது. புத்தளத்தில் இவ்வாறு வீற்றிருந்தவருக்கும் களனியில் எழுச்சிபெற்றுவந்த அழகக்கோனாருக்கும் தென்னிந்தியத் தொடர்பு பொதுவானது. குறிவைத்த வருவாயும் பொதுவானதே.

அதே 1344இல் கம்பளைக்கு அண்மையில் இலங்காதிலக விகாரை கட்டப்பட்டதையும் அதன் சாசனம் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. இக்காலத்து அரசவைகளும் வழிபாட்டிடங்களும் இருமொழியில் இயங்கின என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

ஆரியச்சக்கரவர்த்தியின் கை கரையோடு நின்றுவிடவில்லை. 1359ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் மடவளைக் கல்வெட்டு, மார்த்தாண்டம் பெருமாள் என்பவருக்காக மலைநாட்டுப் பகுதிகளில் வரி பெறுவதற்குப் பிராமணர் நியமிக்கப்பட்டதைக் கூறுகின்றது. கேகாலைப் பகுதியிற் கிடைத்த கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டு சிங்கையாரியனின் வெற்றியைப் பாடுகின்றது. கம்பளை மன்னன் பெயரளவிலே மன்னனாக, அவனது குடிகளின் வரி வடக்கே சென்றுகொண்டிருந்தது.

மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்திலும் அவனுக்குப்பின் வந்த ஐந்தாம் புவனேகபாகுவின் காலத்திலும் அரசின் உண்மைத் தலைவராக விளங்கியவர் நிஸ்ஸங்க அழகக்கோனார். இராயிகமத்தைத் தம் இருக்கையாகக் கொண்ட இவரை, அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நிகாய சங்கிரகய என்னும் நூல் 'பிரபுராஜ' என அழைக்கின்றது. இச்சொல்லை நாம் உற்றுநோக்க வேண்டும். அரசன் எனக் கூறத் துணியாமலும் வெறும் பிரபு எனக் கூற மனமில்லாமலும் படைக்கப்பட்ட சொல் இது. வந்தேறிய குடியொன்று உள்ளூரில் ஏற்புடைமை பெறுவதற்குச் சமயமே அக்காலத்துப் பெருவழி. 1369இல் தர்மகீர்த்தி தேரரின் தலைமையில் நடைபெற்ற பௌத்த சங்கச் சீர்திருத்தத்துக்கு அழகக்கோனார் ஆதரவளித்து அதனை நிறைவேற்றிவைத்தார். வஞ்சியிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல் பௌத்த சாசனத்தின் காவலராகப் போற்றப்பட்டமை அன்றைய சமூகத்தின் நெகிழ்ச்சியைக் காட்டுகின்றது. பிறப்பைவிடப் பணியே அங்கு எடைபோடப்பட்டது போலும்.

அவர் செய்த நிலையான செயல், களனி ஆற்றுக்குத் தெற்கே தாருகமத்தை அடுத்துச் சதுப்புநிலங்கள் சூழ்ந்த இடத்தில் ஒரு கோட்டை எழுப்பியதாகும். ஜயவர்த்தனபுரம் எனப் பெயரிடப்பட்ட அவ்விடமே இன்றைய கோட்டை நகராகும். இவ்விடத்தேர்வு சிந்தித்துச் செய்யப்பட்டது. கொழும்புத் துறைக்கு அண்மையில் இருந்தமையால் வணிகத்தைக் கண்காணிக்கலாம்; நீரும் சேறும் சூழ்ந்தமையால் எதிரியைத் தடுக்கலாம். கோட்டையை வலுப்படுத்தி உணவுப் பொருள்களைச் சேமித்தபின்பே அழகக்கோனார் ஆரியச்சக்கரவர்த்தியின் வரியாளரைப் பிடித்துத் தூக்கிலிட்டார். சினந்த ஆரியச்சக்கரவர்த்தி சோழ நாட்டிலிருந்தும் படை திரட்டி இருமுனைகளில் அனுப்பினார். தரைப்படை மாத்தளைக்கு வந்தது. கடற்படை பாணந்துறையில் இறங்கிற்று. கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் என்னும் இடங்களில் ஆரியச்சக்கரவர்த்திக்கு இருந்த பாசறைகளை அழகக்கோனார் அழித்தார் என நிகாய சங்கிரகய கூறுகின்றது. இப்பெயர்ப் பட்டியலை ஊன்றிப் படிப்போருக்கு ஒன்று புலனாகும். பட்டியல் சிலாபத்தோடு நின்றுவிடுகின்றது. புத்தளம் அதில் இல்லை. கறுவா விளையும் கரை முழுவதும் மீட்கப்பட்டது. முத்துக்கடலை நோக்கிய வடகரை, நாம் நிற்கும் கரைத்தீவு உட்பட, அவ்வெற்றியின் எல்லைக்கு அப்பாலேயே இருந்தது. இன விடுதலைப் போர் என்பதிலும் பார்க்கத் துறைமுக வருவாய்க்கான போர் எனக் கொள்ளுதலே பொருந்தும் என்ற எமது கருத்துக்கு இதுவும் ஓர் ஆதாரமாகும்.

வெற்றியின் உச்சத்தில் இருந்தும் இக்குடி முடிசூட வழியின்றி நின்றது. 1408 வரை ஐந்தாம் புவனேகபாகு என்றொரு மன்னன் இருந்துகொண்டேயிருந்தான். முடியில்லா ஆட்சிக்கு முறையான வாரிசு வழக்கும் இல்லை. நிஸ்ஸங்க அழகக்கோனார் மறைந்தபின் குமார அளகேஸ்வரரும், அவருக்குப்பின் வீர அளகேஸ்வரரும் அதிகாரம் பெற்றனர். 1391 அளவில் நெருங்கிய உறவினராகிய வீரபாகு, இராயிகமத்திற் பொருது வீர அளகேஸ்வரரை வென்றார். தோற்றவர் இந்தியாவுக்குச் சென்றார். வென்றவர் 1396இல் மற்றொரு சங்கச் சீர்திருத்தம் நடத்தித் தம் நிலையை உறுதிப்படுத்த முயன்றார். ஆயினும் நூற்றாண்டின் முடிவில் வீர அளகேஸ்வரர் திரும்பிவந்து ஆட்சியை மீண்டும் கைப்பற்றினார். ஒரு காலத்திற் கரைதோறும் எதிரியைத் துரத்திய குடி, இப்போது தன்னைத்தானே துரத்திக்கொண்டிருந்தது.

இவ்வகை வரலாறு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் பால்கன் பகுதியிற் செர்பியப் பேரரசன் துசான் 1355இல் இறந்தபின், மைய ஆட்சி தளர, பிரபுக் குடிகள் பல தலையெடுத்தன. அத்திரியாத்திக் கடலோரத்துச் சேத்தாப் பகுதியை ஆண்ட பல்சிச் குடி அவற்றுள் ஒன்று. அதுவும் துறைமுக நகர்களைப் பற்றிநின்று வளர்ந்தது. வெனிசு என்னும் கடல் வல்லரசுக்கும் ஒத்தோமானியருக்கும் இடையில் நெரிபட்டது. 1421இல் மூன்றாம் பல்சாவின் மறைவோடு முடிவுற்றது. ஏறக்குறைய அதே பத்தாண்டுகளில் அழகக்கோனார் குடியும் முடிவுற்றதைத் தற்செயல் எனலாம். தளர்ந்த முடி, வளமான கரை, வெளியிலிருந்து வரும் கடற்படை என்னும் மூன்றும் சேருமிடத்து விளைவு ஒத்திருப்பது தற்செயலன்று.

நமது கடலுக்கு வந்த கடற்படை சீனத்தினுடையது. மிங் பேரரசர் யோங்லே அனுப்பிய தளபதி செங் ஹோ 1405 முதற் பலமுறை இந்துமாக்கடலைக் கடந்தார். சீன ஏடுகள் இலங்கை மன்னனை 'யாலியெகுனையெர்' எனக் குறிக்கின்றன. அழகக்கோனார் என்பதன் சீன ஒலிப்பே அது. அம்மன்னன் சீனத் தூதரை மதியாது அயல்நாட்டுத் தூதர்களையும் கொள்ளையிட்டான் என்பது அவ்வேடுகளின் குற்றச்சாட்டு. வென்றவர் எழுதியது ஆதலால் அதனை அவ்வாறே ஏற்க வேண்டியதில்லை. துறைக்கு வரும் கலத்திடம் வரி கேட்பதைக் கரையிலுள்ளவன் உரிமை என்பான், கலத்திலுள்ளவன் கொள்ளை என்பான். 1411இல், மூன்றாம் பயணத்தின் திரும்பு வழியில், செங் ஹோவை உள்நாட்டுக்குள் வரவழைத்து, ஐம்பதினாயிரம் பேரை அனுப்பிக் கப்பல்களைத் தாக்க வீர அளகேஸ்வரர் முனைந்தார் என்றும், மரங்களை வெட்டி வழி மறிக்கப்பட்டது என்றும் மிங் ஏடு கூறுகின்றது. படை வெளியே சென்றமையால் தலைநகர் வெறுமையாக இருக்கும் எனக் கணித்த செங் ஹோ, 2,000 வீரருடன் மாற்றுவழியாற் சென்று நகரைக் கைப்பற்றினார். மன்னனும் மனைவி மக்களும் தலைவர்களும் சிறைப்பட்டுச் சீனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பேரரசர் அவர்களை மன்னித்து விடுவித்தார். ஆயின் இலங்கைக்கு வேறொரு மன்னனைத் தெரியுமாறும் பணித்தார்.

சிங்கள நூலாகிய இராஜாவலிய இந்நிகழ்ச்சியை வேறுவகையாகக் கூறுகின்றது. சீனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவன் விஜயபாகு என்னும் மன்னன் என்றும், மறைத்து வளர்க்கப்பட்ட இளவரசன் பின்னர் அளகேஸ்வரரைக் கொல்வித்து முடிசூடினான் என்றும் அந்நூல் உரைக்கும். இரண்டையும் ஒப்பிடுமிடத்து, பிற்காலத்தவர் நினைவில் இக்குடி மீட்பர் குடியாக அன்றி முடியைப் பறித்த குடியாகவே எஞ்சியது என்பது தெளிவாகின்றது. அவ்விளவரசனே ஆறாம் பராக்கிரமபாகு. அழகக்கோனார் எழுப்பிய கோட்டையிலிருந்து 1467 வரை ஆண்ட அவனது காலத்திற் சப்புமல் குமாரன், தமிழில் செண்பகப் பெருமாள், யாழ்ப்பாணத்தையும் வென்றான். அழகக்கோனார் சிலாபத்தில் நிறுத்திய எல்லையை முடியுடைய மன்னனே தாண்டினான்.

1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. செங் ஹோவினாற் கொணரப்பட்ட அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாத்துக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறும். இலங்கைக் கரையில் அன்று வழங்கிய மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை நான்ஜிங்கில் இருந்தோர் அறிந்திருந்தனர். அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. அழகக்கோனாரின் கோட்டை நகரில் 1982 முதல் இலங்கைப் பாராளுமன்றம் கூடிவருகின்றது. கரைத்தீவை அடுத்துள்ள குடாக்களுக்கோ பின்வந்தோரின் பெயர்களே நிலைத்துள்ளன: ஒன்று போர்த்துக்கல் குடா, மற்றையது டச்சுக் குடா.